அம்மாவுக்கு ‘மூளை ஊசி’ போடலாமா?

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கும் 39 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 67. ஐந்து மாதங்களுக்கு முன் மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார். வலது மணிக்கட்டைச் சற்றே தூக்குகிறார், விரல்களையும் கொஞ்சம் விரிக்க முடிகிறது. மற்றவர்கள் சொல்வது புரிகிறது. ஆனால் சொல் வாயில் வருவதில்லை, ‘அது... அது...’ என்று நின்றுவிடுகிறார். மூன்றாவது மாதம் ஒருமுறை வலிப்பு வந்ததால் லெவெடிராசெட்டம் 500 மி.கி. இரு வேளை சாப்பிடுகிறார். அதன்பின் சட்டென்று கோபம் வருகிறது, அழுகிறார். ஸ்பீச் தெரபியை எட்டு முறையோடு நிறுத்திவிட்டார்கள். தெரபிஸ்ட்டுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் வராது.

இந்த நிலையில் ஒரு தனியார் கிளினிக், ‘நியூரோபெப்டைடு மூளைப் புனரமைப்பு’ என்ற பேக்கேஜைச் சொல்லியிருக்கிறது. 20 நாள் செரிப்ரோலைசின் டிரிப்ஸ், பிறகு மூக்கில் விடும் பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு) சொட்டு, மொத்தம் 1,85,000 ரூபாய். 25,000 முன்பணம் கட்டியாகிவிட்டது. ‘ஆறு மாதம் தாண்டினால் மூளை மூடிக்கொள்ளும்’, ‘இது இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது’, ‘இந்த 20 நாளும் மற்ற ஹெவி மாத்திரைகளைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்றெல்லாம் அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி வாசகியைப் பற்றியது. பகலில் அம்மா, இரவில் அமெரிக்க அலுவலக அழைப்புகள். மறதி கூடிவிட்டது, வேலையில் கவனம் நிற்பதில்லை. உடன் பணிபுரிபவர் செமாக்ஸ், பி.பி.சி-157 என்ற பெப்டைடு குப்பிகளை இணையத்தில் வாங்கிப் போட்டுக்கொள்கிறாராம். ‘நானும் போட்டுப் பார்க்கலாமா?’ என்று கேட்கிறார்.

வணக்கம். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த வலிப்பு

பக்கவாதம் வந்த முதல் ஏழு நாட்களுக்குள் வரும் வலிப்பு வேறு, அதற்குப் பிறகு வரும் வலிப்பு வேறு. முதல் வாரத்தில் வருவது அடிபட்ட மூளையின் உடனடி எதிர்வினை. அம்மாவுக்கு வந்தது மூன்றாவது மாதத்தில். அதற்குள் மூளையில் தழும்பு உருவாகிவிட்டது. வலிப்பு அந்தத் தழும்பிலிருந்து கிளம்புகிறது. மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இப்படி ஒரே ஒரு முறை வந்தாலும் அதைக் கால்-கை வலிப்பு நோயாகவே கணக்கில் எடுக்கிறோம்.

செரிப்ரோலைசின் மருந்தின் தகவல் தாளில், யாருக்கெல்லாம் போடக்கூடாது என்ற பட்டியலில் கால்-கை வலிப்பு இருக்கிறது. கடுமையான சிறுநீரகக் கோளாறும் இருக்கிறது. அம்மாவின் கிரியேட்டினின் அளவை கிளினிக்கில் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வலிப்பு மாத்திரையைப் பற்றி அவர்கள் கேட்டதாகவும் எழுதவில்லை. வலிப்பு என்ற இந்த ஒரு காரணமே போதும்: உங்கள் அம்மாவுக்கு இந்த ஊசி வேண்டாம். அவரை நேரில் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள்.

‘ஹெவி மாத்திரைகளைக் குறைக்கலாம்’ என்ற பேச்சுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. லெவெடிராசெட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து நிற்காமல் போகலாம். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, பிரஷர் மாத்திரை இந்த மூன்றும்தான் அடுத்த பக்கவாதத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. எந்த ஊசிக்காகவும் ஒரு வேளைகூட இவற்றை விடாதீர்கள். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், முகம் கோணினாலும், கை புதிதாகத் தளர்ந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஊசியில் இருப்பது என்ன?

செரிப்ரோலைசின் மோசடி மருந்தல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரியாவில் தயாராகிறது. ரஷ்யா, சீனா, கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. இந்தியாவிலும் கிடைக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி மட்டும் இதற்கு இல்லை. பன்றி மூளையின் புரதத்தை நொதிகளால் உடைத்து எடுக்கும் கரைசல் இது. அதில் பெரும்பகுதி அமினோ அமிலங்கள், ஏறக்குறைய கால் பங்கு சிறு பெப்டைடுகள். இறந்துபோன நரம்புச் செல்கள் இதனால் முளைத்து வருவதில்லை. பிழைத்திருக்கும் செல்களைக் காப்பாற்றி, அவை புது இணைப்புகள் போட்டுக்கொள்ள உதவும் என்பதுதான் எதிர்பார்ப்பு. விலங்குகளிடமும் ஆய்வகத் தட்டிலும் அப்படி நடப்பதற்குச் சான்று இருக்கிறது. மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

2012-ல் வெளியான காஸ்டா ஆய்வில் ஆசிய நாடுகளைச் சேர்ந்த 1,070 நோயாளிகள் இருந்தார்கள். பக்கவாதம் வந்த 12 மணி நேரத்துக்குள் தொடங்கி, தினமும் 30 மி.லி. வீதம் பத்து நாள் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வெறும் சலைன் ஏற்றியவர்களுக்கும் இவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. 2016-ல் வந்த கார்ஸ் ஆய்வில் 208 பேர். இதில் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 21 நாள் கொடுத்து, கூடவே பயிற்சியும் தந்தார்கள். கையின் செயல்பாடு நன்றாகவே மேம்பட்டது. இத்தகைய முடிவுகளை வைத்து, ஆரம்ப நாட்களில் பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று 2021-ல் ஐரோப்பிய நரம்பியல் வழிகாட்டுதல் ஒன்று பரிந்துரைத்தது. மாறாக, 2020-ன் காக்ரேன் திறனாய்வு ஏழு ஆய்வுகளில் இருந்த 1,601 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. இறப்பு குறையவில்லை. இறப்பில் முடியாத, ஆனால் தீவிரமான பக்கவிளைவுகள் மருந்து பெற்றவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தன. ஆக, ‘பக்கவிளைவே கிடையாது’ என்பது தவறு. ‘இயற்கையானது’ என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. விலங்குப் புரதத்திலிருந்து எடுத்த பொருளுக்கு ஒவ்வாமை வரலாம். வேகமாக ஏற்றினால் உடம்பு சூடாகி, வியர்த்து, படபடப்பும் தலைசுற்றலும் வரும்.

மேலே சொன்ன நல்ல முடிவு எப்போது தொடங்கியவர்களுக்குக் கிடைத்தது என்று பாருங்கள். முதல் மூன்று நாட்களுக்குள். அம்மா ஐந்தாவது மாதத்தில் இருக்கிறார். மூன்று நாள் நோயாளிக்குக் கிடைத்த பலனைக் காட்டி ஐந்து மாத நோயாளியிடம் பணம் வாங்குவது சரியல்ல.

பெப்டைடு ஆராய்ச்சியே வீண் என்று சொல்லவில்லை. நெரினெடைடு என்ற பெப்டைடை 1,105 பக்கவாத நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் அல்டெப்ளேஸ் ஊசி பெறாதவர்களிடம் மட்டும் நல்ல அறிகுறி தெரிந்தது. அல்டெப்ளேஸ் தூண்டிவிடும் ஒரு நொதி இந்தப் பெப்டைடைத் துண்டாக்கிவிடுகிறது என்பதும் தெரியவந்தது. பெப்டைடுகளின் பலவீனம் இதுதான்: உடம்பு அவற்றை விரைவில் வெட்டிவிடும். வயிற்றில் செரித்துவிடும். ரத்தத்தில் பெரும்பாலும் நிமிடக்கணக்கில் சிதைந்துவிடும். மூளையைச் சுற்றியுள்ள தடுப்பையும் அவற்றில் பெரும்பாலானவை எளிதில் தாண்டாது. கிளினிக் சொன்ன மூக்குச் சொட்டின் பெயரைக்கூட உங்களுக்கு எழுதித் தரவில்லை. பெயர் தெரியாத மருந்தை யார் மூக்கிலும் விடக்கூடாது.

அம்மாவுக்குத் தெரியுமா?

உங்கள் வீட்டில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பன்றி மூளையிலிருந்து எடுத்த மருந்தைத் தன் நரம்பில் ஏற்றப் போகிறார்கள் என்பதை அம்மாவிடம் யாராவது சொன்னார்களா? பேச்சுதான் தடுமாறுகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. நாம் சொல்வது புரிகிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி, ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு அட்டைகளை முன்னால் வைத்தால் அவரே பதில் சொல்வார். சம்மதம் அவருடையது. மகளின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. இந்த மருந்து என்றில்லை, இனி வரும் எல்லாச் சிகிச்சைக்கும் இதே முறையைக் கடைப்பிடியுங்கள்.

‘ஆறு மாதக் கெடு’ உண்மையா?

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு வேகம் குறையும். அதுவரை சரி. ஆறாவது மாதம் கதவு சாத்திக்கொள்ளும் என்பதற்குத்தான் ஆதாரமில்லை. ஜெர்மனியில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனவர்களை மட்டுமே சேர்த்தார்கள். வாரம் குறைந்தது 10 மணி நேரம், மூன்று வாரம் ஸ்பீச் தெரபி கொடுத்தார்கள். அன்றாட உரையாடலில் முன்னேற்றம் தெரிந்தது. வாரம் ஒரு மணி நேரம் என்று இழுத்தடித்தால் அந்தப் பலன் வராது; நேரம் நெருக்கமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் மணிக்கு 800 ரூபாய் கேட்கிறார் என்கிறீர்கள். 30 மணி நேரத்துக்கு 24,000 ரூபாய். நீங்கள் கட்டிய முன்பணத்தைவிடக் குறைவு.

ஆனால் பயிற்சி தமிழில்தான் நடக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தமிழில் மட்டுமே பேசியவருக்கு ‘கப்’, ‘ஸ்பூன்’ என்று படம் காட்டிக் கேட்டால், வராத சொல் அவரிடம் எப்போதுமே இருந்திருக்காது. எட்டு முறை போயும் பலனில்லை என்று அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். அவருக்கு இன்னும் சிகிச்சை தொடங்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மறுவாழ்வுத் துறையும் பேச்சு-கேட்பியல் துறையும் இருக்கின்றன. பதிவு செய்யும்போதே ‘தமிழ் பேசும் தெரபிஸ்ட் வேண்டும்’ என்று கேளுங்கள். அமையாவிட்டால் தமிழ்நாட்டில் இருக்கும் தெரபிஸ்ட்டிடம் வீடியோ அழைப்பில் தொடங்கலாம்; கைப்பேசியைவிடப் பெரிய திரை நல்லது.

இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: சமையலறையில் அவர் தினம் தொட்டுப் புழங்கும் 20 பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டியைக் காட்டி, பத்து நொடி பேசாமல் காத்திருங்கள். வரவில்லையென்றால் ‘க...’ என்று முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் முழுச் சொல்லையும் நீங்கள் சொல்லி, கூடச் சேர்ந்து சொல்லவையுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தித் திருத்திக் கேட்காதீர்கள், அடுத்த பொருளுக்குப் போய்விடுங்கள். கிழமைகளின் பெயர், ஒன்று இரண்டு எண்ணுவது, மனப்பாடமான பக்திப் பாட்டு இவையெல்லாம் பேச்சு தடுமாறுகிறவர்களுக்கும் பல நேரம் தடையில்லாமல் வரும். பயிற்சியை அவற்றோடு தொடங்கினால் அவருக்கும் நம்பிக்கை வரும்.

கைக்கு வருவோம். மணிக்கட்டைச் சற்றே தூக்க முடிகிறது, விரலை விரிக்க முடிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல செய்தி. மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தது பத்து டிகிரி அளவுக்காவது நீட்ட முடிந்தவர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. நல்ல கையில் உறையை மாட்டிவிட்டு, பலவீனமான கையாலேயே வேலைகளைச் செய்ய வைப்பார்கள். 2006-ல் வெளியான எக்ஸைட் ஆய்வில் 222 பேருக்கு இதைச் சோதித்துப் பலன் கண்டார்கள். எல்லோரும் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் இருந்தவர்கள். உங்கள் அம்மா இருக்கும் கட்டமே அது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை போட வேண்டும், நாளுக்குச் சில மணி நேரம் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கையைச் சோதித்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள். குளிக்கும்போதும், படி ஏறும்போதும், அடுப்புப் பக்கம் போகும்போதும் உறையைக் கழற்றிவிட வேண்டும்.

கோபத்தையும் அழுகையையும் பற்றி ஒரு வார்த்தை. பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. லெவெடிராசெட்டமும் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் உண்டாக்கும். மாத்திரை தொடங்கிய பின் ஆரம்பித்தது என்கிறீர்கள். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றலாம், மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரலாம். இது சரியாகாமல் எந்தப் பயிற்சியிலும் அவர் மனம் ஒட்டாது.

உங்களுக்கான குப்பிகள்

செமாக்ஸ், ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனின் ஒரு சிறு துண்டை மாற்றியமைத்த ஏழு அமினோ அமிலப் பெப்டைடு. ரஷ்யாவில் மூக்குச் சொட்டாகப் பதிவானது. அங்கே நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, நோயாளிகளிடம் நடந்தவை. உங்களைப் போல் தூக்கமில்லாமல் வேலை செய்யும் ஆரோக்கியமானவருக்கு நினைவாற்றலைக் கூட்டும் என்று அவை நிறுவவில்லை. பி.பி.சி-157-ல் பேசப்படுவது பெரும்பாலும் எலிகளிடம் கிடைத்த முடிவுகள். 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அதைத் தடை செய்திருக்கிறது. இவற்றைப் பற்றிப் பேசும் இணையக் குழுக்களில் டைஹெக்ஸா என்ற பெயரும் உங்கள் கண்ணில் படும். அது தூண்டுவதாகச் சொல்லப்படும் வளர்ச்சிப் பாதை புற்றுநோய்க் கட்டிகளிலும் வேலை செய்யும் பாதை. அதையும் தொடாதீர்கள்.

மருந்தைவிடக் குப்பி எனக்குப் பெரிய கவலை. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற லேபிள், மனித உடம்பில் போட இது தயாரிக்கப்படவில்லை என்று விற்பவரே எழுதிக்கொடுப்பது. கூட வரும் ‘99 சதவீதத் தூய்மை’ அறிக்கை, பொடியில் உள்ள பெப்டைடு கலவையில் அந்தப் பெப்டைடின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும். கிருமி இருக்கிறதா, காய்ச்சலும் நடுக்கமும் தரும் பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. கணக்கும் சறுக்கும்: 10 மி.கி. பொடியில் 2 மி.லி. நீர் விட்டால், இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் என்பது 500 மைக்ரோகிராம். 10 யூனிட்டை 1 மி.லி. என்று நினைத்துவிட்டால் அளவு பத்து மடங்கு. ஒரே குப்பியில் இரண்டு பேர் ஊசி விட்டு எடுத்தால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவக்கூடும். வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மருந்து வரவழைக்கவும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.விடம் படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்து 12பி அனுமதி பெற வேண்டும். கூரியரில் வரும் குப்பிக்கு அது இருக்காது.

உங்கள் மறதிக்கான காரணத்தைத் தேட இன்னும் யாரும் முயலவில்லை. முதலில் நான்கு பரிசோதனைகள்: வைட்டமின் பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபினோடு இரும்புச் சத்தைக் காட்டும் ஃபெரிட்டின், சர்க்கரைக்கான எச்.பி.ஏ.1.சி. நீங்கள் சைவம், மூன்று வருடமாக நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் எடுக்கிறீர்கள். இரண்டுமே பி12-ஐக் குறைப்பவை. பி12 அளவு மி.லி.க்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. 200-க்கும் 300-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவர் மேலும் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தேவையான ஊசி பி12 ஆகவே இருக்கலாம், விலையும் மிகக் குறைவு. அடுத்தது தூக்கம். இரவு 1 மணி வரை அழைப்பு, காலை 5.30-க்கு அம்மாவுக்கு மாத்திரை என்றால் நாலரை மணி நேரத் தூக்கம். எந்த மூளையும் அதில் தடுமாறும். வாரத்தில் இரண்டு இரவாவது அழைப்பிலிருந்து விடுப்புக் கேளுங்கள். காலை மாத்திரையை 7 மணிக்குத் தரலாமா, மாலை வேளையை அதற்கேற்ப மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். ‘எதிலும் ஆசையே இல்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

கட்டிய முன்பணம்

‘திருப்பித் தரமாட்டோம்’ என்று ரசீதில் அச்சடித்திருப்பதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. சிகிச்சை தொடங்கவில்லை. போடக்கூடாத நோய் இருந்தும் பணம் வாங்கியிருக்கிறார்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள்: மருந்துகளின் பெயர், அளவு, பரிந்துரைத்த மருத்துவரின் பதிவு எண், அம்மாவின் மருத்துவக் குறிப்புகளின் நகல். குறிப்புகளைக் கேட்ட 72 மணி நேரத்தில் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை. அதே கடிதத்தில் வலிப்பு நோயைக் குறிப்பிட்டு, 15 நாளுக்குள் 25,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி எழுதி, ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

அவர்கள் தந்த விளம்பரத் தாளைப் பத்திரமாக வையுங்கள். மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாத பட்டியல் இருக்கிறது. ‘மூளைத் திறனைக் கூட்டுதல், நினைவாற்றலை மேம்படுத்துதல்’ அதில் ஒன்று. ‘நினைவாற்றல் இரட்டிப்பு’ என்று அந்தத் தாளில் அச்சாகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புகாரோடு அதன் நகலை இணையுங்கள், அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.